திமிங்கிலத்தின் கணுக்கால்

"கரையை எந்த நாள் விட்டது, சார்?" என்று கேட்டாள் பிரகாசி.

நாச்சியப்பன் கம்பு ரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எது?"

"திமிங்கிலம்."

"அது நாள் பார்த்துக் கிளம்பினதாத் தெரியலையே அக்கா."

"நாள் வேண்டாம். எந்த எலும்போட கரை முடியுது, எந்த எலும்போட கடல் ஆரம்பிக்குது? அந்தக் கோடு எனக்கு வேணும்."

அவர் ரொட்டித் துண்டால் எதிரே இருந்த மஞ்சள் மேட்டைக் காட்டினார்.

"அதுகிட்டக் கேளுங்க. நான் பொறந்தது காரைக்குடியில."

*

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம். நாச்சியப்பனுக்குத் தாடி கிடையாது. வயது முப்பத்தாறு. தேளென்றால் பயம், காலையில் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டாமல் காலை விடமாட்டார். ஆனால் கல்லாகிப் போன எலும்பைக் கையில் கொடுத்தால், அது எந்த மிருகம், எப்படி நடந்தது, எதைத் தின்றது என்று சொல்லிவிடுவார். கேட்டால் மட்டும்.

பல நேரம் கேட்டாலும் சொல்லமாட்டார்.

சிஷ்யைக்கு நாற்பத்து மூன்று வயது. அவள் அவரை சார் என்றாள். அவர் அவளை அக்கா என்றார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

இடம், வடக்கே கச்சுப் பாலைவனத்தின் மேற்கு ஓரம். ஒரு பக்கம் மஞ்சள் மண்மேடுகள். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை உப்பு. நாலரைக் கோடி வருடங்களுக்கு முன்னால் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. கடல் போய்விட்டது. அதில் செத்தவை மேட்டுக்குள் கிடக்கின்றன. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் மண்ணைக் கரைத்து, ஒரு பல்லையோ விலா எலும்பையோ வெளியே நீட்டிவிட்டுப் போகும். அதைத் தேடித்தான் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆராய்ச்சிக்கு இவர்கள் இரண்டு பேர். வண்டி ஓட்டவும் சமைக்கவும் ரண்மல் பாய்.

*

பிரகாசி இங்கே வந்தது சுற்றுவழி.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு கன்னியர் மடம். அதன் வாசலில் யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தை அவள். மதர் இஞ்ஞாசி எடுத்து வளர்த்தார். அங்கேயே படித்தாள். அங்கேயே வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரீ ஆனாள். மடத்துப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தாள்.

ஒருநாள் அங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள். சேலை கட்டிக்கொண்டாள். யாரோடும் சண்டை இல்லை, எந்த மனத்தாங்கலும் இல்லை. எலும்புகளைப் படிக்க வேண்டும் என்று இருந்தது. படிக்கக் கிளம்பினாள்.

மதர் இஞ்ஞாசி வாசல் இரும்புக் கேட்டு வரைக்கும் வந்தார்.

"போறவ திரும்பிப் பாக்கப்படாது," என்றார். "போ."

பிரகாசி திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஊரை விட்டு வளையும் இடத்தில் யாராக இருந்தாலும் ஒரு தடவை பார்ப்பார்கள். அவள் அப்போதும் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பண்டிகைக்கு ஒரு வாழ்த்துக்கூடச் சொன்னதில்லை. மதர் சொன்ன கடைசிச் சொல், தான் கீழ்ப்படியும் கடைசிச் சொல் என்று வைத்துக்கொண்டாள்.

ஆறு வருடம் ஆகிவிட்டது.

*

"விட்ட பிறகும் விடிகாலை நாலரைக்கு முழிப்பு வந்துருது சார்," என்று ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டாள். "செபத்துக்கு எழும்புன நேரம். அலாரம் இல்ல, ஒண்ணும் இல்ல. தானா வருது. என்ன செய்யலாம்?"

"நல்லதாப் போச்சு," என்றார் நாச்சியப்பன். "டீ போடுங்க."

அன்றிலிருந்து கூடாரத்தில் விடிகாலை டீ பிரகாசியின் வேலையாயிற்று. அவளுக்குக் கோபம்தான். கேள்வி கேட்டால் வேலை கொடுக்கிற குருவை என்ன செய்வது?

*

முதல் நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

மேட்டில் கல்லும் எலும்பும் ஒரே நிறத்தில் கிடக்கும். எது கல், எது எலும்பு என்று கண்ணால் சொல்ல முடியாது. எலும்பு தேடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துண்டை எடுத்து நாக்கில் வைப்பார்கள். கல்லானால் விழுந்துவிடும். எலும்பானால் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் இன்னும் இருப்பதால், எச்சிலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

"நாக்க நீட்டுங்கக்கா," என்றார் நாச்சியப்பன்.

பிரகாசி கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். அவர் ஒரு சில்லை எடுத்து வைத்தார். அது ஒட்டிக்கொண்டது.

"ஆமென்," என்றாள் பிரகாசி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். இருபது வருடத்துக்கு மேல் தினமும் காலையில் பலிபீடத்துக்கு முன்னால் நற்கருணை அப்பம் வாங்கக் கண்ணை மூடி நாக்கை நீட்டியவள். நாக்குக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அவமானமாக இருந்தது. மென்று விழுங்க முடியாத அவமானம்.

நாச்சியப்பன் ஒன்றும் கேளாதவர்போல அடுத்த சில்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

*

பிரகாசிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. மேட்டின் கிழக்குச் சரிவில் ஒரு தலையைக் கண்டுபிடித்தாள்.

நீளத் தலை. முதலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளும் நினைத்தாள். தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள, பின்பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு எலும்பு தெரிந்தது. சிப்பிபோல மூடிக்கொண்டு, ஒரு பக்கத்து உதடு மட்டும் தடித்து.

நாச்சியப்பன் வந்து குழி ஓரத்தில் குந்தினார். வெகுநேரம் பார்த்தார்.

"காது," என்றார்.

"யாரோட காது?"

"திமிங்கிலத்தோட காது. இப்படி ஒரு பக்கம் தடிச்ச காதெலும்பு வேற யாருக்கும் கிடையாது. திமிங்கிலத்துக்கும் அதோட பங்காளிகளுக்கும்தான்."

"அப்ப கடல் இங்க ஆரம்பிச்சாச்சு."

"காஷ்மீர்ப் பக்கம் ஒண்ணு கிடைச்சுது," என்றார் அவர். "பங்காளி முறைதான். பூனை அளவு, பார்வைக்கு மான். நாலு காலு. குளம்பு. கரையில நின்னு இலை கடிச்ச மிருகம். அதுக்கும் காது இதே காதுதான்."

"கரையில இருக்கிறப்பவே காது மாறிருச்சா?"

"ம்."

"ஏன்?"

அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"காதுதான் முதல்ல போகுது அக்கா. காலு பின்னாடி மெதுவாத்தான் போகும்."

*

அன்று சாயங்காலம் காதெலும்பைப் பஞ்சில் சுற்றும்போது பிரகாசிக்கு மடத்துக் கோயில் ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று தள்ளினாள். வந்தது.

அப்போது அவள் அங்கி உடுத்தியிருந்தாள். ஊர்க் கடற்கரையில் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். அதை அறுத்துப் புதைக்க வந்தவர்கள் துடுப்பைக் கீறினார்கள். உள்ளே ஐந்து விரல் இருந்தது. மனுசக் கைபோல ஐந்து விரல், துடுப்பையே கையுறையாகப் போட்டுக்கொண்டு.

அன்றிரவு செபத்தில் அவளுக்கு ஒரு சொல்லும் ஓடவில்லை.

"உன் காது செபத்துல இல்லையே பிள்ள," என்றார் மதர் இஞ்ஞாசி, செபம் முடிந்து வெளியே வரும்போது.

"மன்னிச்சிருங்க மதர்."

"மன்னிப்பா கேக்கச் சொன்னேன்? எங்க இருக்குன்னு கேக்கேன்."

"கடற்கரையில இருக்கு மதர்."

மதர் கோயில் கதவைச் சாத்தினார்.

"அப்ப நாளைலேருந்து சாயங்காலச் செபத்துக்கு நீ வரவேண்டாம்," என்றார். "கடற்கரைக்குப் போ. காது இருக்க இடத்துல ஆளும் இருக்கணும்."

பிரகாசி பஞ்சைச் சுற்றி முடித்தாள். முடிச்சுப் போட வரவில்லை.

*

மேட்டின் உச்சியில் மட்டும் போனுக்கு சிக்னல் கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஏறுவார்கள். அன்று பிரகாசி ஏறியபோது போன் அடித்தது.

"சிஸ்டர், நான் ஆரோக்கியம்."

மடத்தில் அவளுக்கு அடுத்த அறையில் இருந்த சிஸ்டர் ஆரோக்கியம். குரலைக் கேட்டு ஆறு வருடம்.

"நான் சிஸ்டர் இல்ல. பிரகாசின்னு கூப்பிடுங்க."

"சரி பிரகாசி. மதர் விழுந்துட்டாவ. படுத்த படுக்கையா இருக்காவ. டாக்டர் வந்து பாத்துட்டு, இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம்னுட்டார்."

பிரகாசி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"யார்கிட்டயும் பேச மாட்டேங்காவ. கண்ண மூடியே கெடக்காவ. வாசல் கேட்டு சத்தம் கேட்டா மட்டும் தொறக்காவ. பால்காரன் வந்தாலும் தொறக்காவ, தபால்காரன் வந்தாலும் தொறக்காவ. பாத்துட்டு மூடிக்கிடுதாவ. யாரைத் தேடுதாவன்னு எங்களுக்குத் தெரியாதா? நீ வாறியா?"

"திரும்பிப் பாக்கப்படாதுன்னு சொன்னது அவங்கதான்."

"அது சொன்னாவ. இப்பம் இப்படிக் கெடக்காவளே."

"மடத்துல இருந்த பிரகாசி இப்ப இல்ல சிஸ்டர். அவ வர முடியாது."

"அப்ப, இப்பம் இருக்கிறவ வரட்டும்," என்றார் ஆரோக்கியம்.

பிரகாசி போனை அணைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், அவளுக்குப் பயம். அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போனால், மெழுகுவத்தி வாசனை மூக்கில் ஏறினால், மறுபடி வெளியே வரக் கால் எழும்புமா என்று பயம். ஆறு வருடமாகக் கட்டிய சுவர் ஒரே செபத்தில் இடிந்துவிடுமோ என்று பயம். அதைக் கீழ்ப்படிதல் என்று சொல்லிக்கொண்டாள்.

இறங்கி வந்து மண்வாரியை எடுத்தாள்.

*

அதற்குப் பிறகு அவள் தோண்டிய வேகத்தைப் பார்த்து ரண்மல் பாயே பயந்தார். வெயில் இறங்கட்டும் என்று சைகை காட்டினார். அவள் கேட்கவில்லை.

கழுத்தெலும்புகள் வந்தன. முதுகெலும்புகள் வந்தன. விலாக்கள் வந்தன. ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றினாள். உடைகிறவற்றுக்கு, கால் முறிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடுவதுபோல, சாக்குத்துணியில் மாவுக்கட்டுப் போட்டாள்.

அதே குழியில் வேறு எலும்புகளும் வந்தன.

ஒரு இடுப்பெலும்பு. ஒரு தொடையெலும்பு. ஒரு கணுக்கால் எலும்பு, கைக்குள் அடங்குகிற அளவு. கிணற்றுக் கப்பிபோல மேலே ஒரு பள்ளம், கீழே ஒரு பள்ளம். பிரகாசி படித்திருக்கிறாள். ஆட்டுக்கு, மாட்டுக்கு, மானுக்கு, ஒட்டகத்துக்கு அப்படித்தான் இருக்கும். குளம்பு வைத்து ஓடுகிற கரைக்கூட்டத்தின் கணுக்கால்.

அவற்றை ஒரு தனிச் சாக்கில் போட்டாள். கரையிலிருந்து ஏதோ ஒன்று செத்து உருண்டு வந்திருக்கும் என்று முடிவு செய்தாள்.

எலும்பு தோண்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு மிருகம், ஒரு மூட்டை. கலக்கவே கூடாது. கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பிரகாசி கலக்கவில்லை. அவளைப்போலச் சுத்தமாகப் பிரிக்க யாரால் முடியும்?

*

இரண்டு மூட்டைகளையும் நாச்சியப்பனுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இது திமிங்கிலம்," என்றாள், பெரிய மூட்டையைத் தொட்டு. "இது ஏதோ கரை மிருகம். ஆட்டு ஜாதி."

அவர் சின்ன மூட்டையைப் பிரித்தார். கணுக்கால் எலும்பை எடுத்தார். கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்து மெல்ல ஓட்டினார். திரும்பச் சாக்கில் போட்டார்.

"எல்லாத்தையும் எடுத்த இடத்துலயே வைங்கக்கா."

"புரியல சார்."

"குழியில. எது எங்க கிடந்துச்சோ அங்க."

"எல்லாத்தையுமா?"

"ரெண்டு மூட்டையையும்."

"எத்தனை நாள் வேலை தெரியுமா?"

"தெரியும். பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

பிரகாசிக்கு முகம் சிவந்துவிட்டது. மடத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒரு சொல் வந்தால், தலை குனிந்து செய்துவிட்டுப் போயிருப்பாள். இங்கே வந்தது கேள்வி கேட்கத்தானே? ஏன், எதற்கு என்று கேட்கத்தானே?

"ஏன் சார்?"

"தலை பக்கத்துலேருந்து ஆரம்பிங்க," என்றார் அவர்.

*

ஆரம்பித்தாள்.

மாவுக்கட்டுப் போட்ட தலையை ரண்மல் பாய் ஒரு பக்கம் பிடித்தார். எலும்பு எழுந்துபோன பிறகும் அதன் இருக்கை களிமண்ணில் அப்படியே பதிந்திருந்தது. தலை தன் இருக்கையில் போய் உட்கார்ந்தது. கழுத்து உட்கார்ந்தது. முதுகெலும்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பார்த்து, திருப்பி வைத்தாள். எங்கே வைப்பது என்று கையே கண்டுபிடித்தது.

கோபத்தில் கண் கலங்கியது. கோபத்தில்தான் என்று நினைத்தாள்.

முதுகெலும்பு வரிசை முடிந்தது. பெரிய மூட்டை காலி.

சின்ன மூட்டையைப் பிரித்தாள். இடுப்பெலும்பின் இருக்கையைத் தேடினாள். கடைசி முதுகெலும்புக்கு அடுத்தபடி இருந்தது. நடுவில் ஒரு விரல் வைக்க இடமில்லை. தொடையெலும்பின் உருண்டைத் தலையை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்கு அருகே கொண்டுபோனாள். அது உள்ளே போய் உட்கார்ந்தது. கொஞ்சம் அசைத்துப் பார்த்தாள். திரும்பியது.

கணுக்கால் கையில் மிச்சமிருந்தது.

"அக்கா," என்று மேலிருந்து குரல் வந்தது. நாச்சியப்பன் குழி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். "அந்தக் கரை மிருகத்தோட தலை எங்க?"

"கிடைக்கல சார்."

"திமிங்கிலத்தோட பின்பக்கம்?"

பிரகாசி கையிலிருந்த கணுக்காலைப் பார்த்தாள்.

"ஒரே குழி," என்றார் அவர். "தலையில்லாத ஆடு ஒண்ணு. இடுப்பில்லாத திமிங்கிலம் ஒண்ணு. நல்ல ஜோடிதான்."

*

அவள் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

எதிரே அது முழுசாகக் கிடந்தது. முதலைபோல மூஞ்சி. கடலைக் கேட்ட காது. ஆட்டுக் கால். உடம்பு ஒன்று.

கணுக்கால் எலும்பின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதை எடுத்து நாக்கில் வைத்தாள். ஒட்டிக்கொண்டது.

"ஆமென்," என்றாள்.

இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அழுதாள். ஒரு எலும்புக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள். ரண்மல் பாய் தண்ணீர் கொண்டுவரப் போனார். நாச்சியப்பன் உப்புவெளிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அழுது முடித்த பிறகு கேட்டாள்.

"முதல் நாளே உங்களுக்குத் தெரியுமா சார்?"

"இடுப்பெலும்பை நீங்க தனியா வச்ச அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சரின்னு சேர்த்து வச்சிருப்பீங்க. நீங்கதான் சொன்னதைக் கேக்கிற ஆளாச்சே."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் அதைப் பார்த்தார். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்தக் காலை வச்சுக்கிட்டுக் கடல்ல என்ன செஞ்சது?"

"நீந்துச்சு. கரைக்கு வந்துச்சு. படுத்துச்சு. திரும்பப் போச்சு."

"எது அதோட வீடு?"

"நாம கேக்கிற கேள்வி அக்கா அது. அது கேட்டிருக்காது."

"கால் எப்பப் போச்சு?"

"குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கடைசியில உடம்புக்கு வெளிய தெரியல. உள்ள ரெண்டு துண்டு இடுப்பெலும்பு இன்னைக்கும் இருக்கு. எந்த முதுகெலும்போடயும் ஒட்டாம சதைக்குள்ள மிதந்துக்கிட்டு. நீங்க உங்க ஊர்ல பார்த்த திமிங்கிலத்துக்கும் இருந்திருக்கும். துடுப்பை மட்டும்தானே பார்த்தீங்க?"

ஊர்க் கடற்கரைத் திமிங்கிலத்தைப் பற்றி அவரிடம் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. மதரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். கேட்டின் சத்தத்துக்குக் கண் திறப்பதையும், பால்காரனைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வதையும் சொன்னாள்.

அவர் குழி ஓரத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் போகணுமா சார்?"

அவர் குழிக்குள் கிடந்த தலையைக் காட்டினார்.

"திமிங்கிலம் எங்க பொறக்குது?"

"தண்ணியில."

"பால் குடிக்கிறது?"

"தண்ணியிலதான்."

"தூங்குறது, சாகுறது?"

"எல்லாம் தண்ணியில."

"மூச்சு?"

பிரகாசி அவரைப் பார்த்தாள்.

"மேல வந்து," என்றாள்.

"இன்னுமா?"

"இன்னும்."

"இத்தனை கோடி வருஷத்துல ஒரு செவுள் வந்திருக்கக் கூடாதா?"

அவள் வாயைத் திறந்தாள். படித்த பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை.

நாச்சியப்பன் கையை நீட்டினார். பிரகாசி கணுக்காலைக் கொடுக்கப் போனாள்.

"அது அதோட இடத்துல இருக்கட்டும்," என்றார். "நீங்க மேல வாங்க."

*

புஜ்ஜு ரயில் நிலையம் வரைக்கும் ரண்மல் பாய் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து ரயில், பிறகு இன்னொரு ரயில், பிறகு பஸ்.

கேட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். இரும்புக் கம்பி உப்புக்காற்றில் இன்னும் கொஞ்சம் அரித்துப் போயிருந்தது. அவள் செருப்பில் கச்சின் வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தது. கை கம்பியைப் பிடித்தது. தள்ளவில்லை. உள்ளே சாயங்காலச் செபம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வரி அவளுக்கு உதட்டில் வந்தது.

வரட்டும் என்று விட்டாள்.

தள்ளினாள். கேட்டு கிறீச்சிட்டது.

முன்னறையில் ஜன்னலோரக் கட்டில். வெள்ளைப் போர்வைக்குள் மதர் இஞ்ஞாசி ஒரு சிறுபிள்ளை அளவுக்குச் சுருங்கியிருந்தார். கண் திறந்திருந்தது. அந்தக் கண் வாசலிலிருந்து கட்டில் வரை பிரகாசியோடு கூடவே வந்தது. சேலையைப் பார்த்தது. வெயிலில் கருத்த முகத்தைப் பார்த்தது. மண்ணேறிய நகங்களைப் பார்த்தது.

சத்தம் கேட்டு வந்த சிஸ்டர் ஆரோக்கியம் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

மதரின் உதடு அசைந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சொல் என்பதால் கரகரத்தது.

"திரும்பிப் பாக்கப்படாதுன்னு சொன்னேன்லா?"

"பாக்கல மதர்," என்றாள் பிரகாசி. "மூச்சு விட மேல வந்தேன்."

மதர் இஞ்ஞாசி போர்வைக்குள் காலை மெல்ல நகர்த்தி, அவள் உட்கார இடம் விட்டார்.